கேள்வியை யாரிடம் கேட்பது?

தேவனைப் பற்றிய என் சந்தேகத்துக்குப் பின்னால் கதை எதுவும் இல்லை. சபையில் யாரிடமாவது இதைச் சொன்னால் அவர்கள் முதலில் தேடுவது கதையைத்தான். வீட்டில் ஏதாவது இழப்பா, உடம்புக்கு முடியவில்லையா, யாராவது மனதைப் புண்படுத்திவிட்டார்களா, அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று அக்கறையோடுதான் கேட்பார்கள். அப்படி எதுவும் இல்லை. விசுவாசக் குடும்பத்தில் பிறந்தேன். பள்ளிக்கூட வயதிலேயே இயேசுவை ஏற்றுக்கொண்டேன், பிறகு ஞானஸ்நானம் எடுத்தேன். இன்றுவரை ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். காலையில் எழுந்ததும் ஜெபிக்கிறேன். அப்படி ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே, வாக்கியத்தின் நடுவில், இதை யாராவது கேட்கிறார்களா என்று ஓர் எண்ணம் வந்து நிற்கும். அதன்பிறகு அந்த வாக்கியத்தை முடிப்பது கஷ்டம்.

நான் டயாலிசிஸ் பிரிவில் செவிலியர். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு 3 முறை வருவார்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் படுத்திருக்க வேண்டும். கையில் 2 ஊசி ஏற்றுவோம். ஒன்றின் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குப் போகும், மற்றதன் வழியாகச் சுத்தமாகி உடலுக்குத் திரும்பும். ஊசி ஏற்றுவதற்கு முன் மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம் செய்வது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் பழக்கம். "ஆண்டவரே, இவருக்கு வலி அதிகம் தெரியாமல் இருக்கட்டும், என் கையை நடத்தும்." அவ்வளவுதான். ஒருநாள் காலை, யாருடைய கை என்றுகூட இப்போது நினைவில்லை, அந்த ஜெபத்தைச் சொல்லி ஊசியை ஏற்றினேன். சரியாக ஏறியது. ஜெபிக்காத என் தோழி பக்கத்துப் படுக்கையில் ஏற்றுகிற ஊசியும் இதேபோலச் சரியாகத்தானே ஏறுகிறது என்று அந்த நொடியில் தோன்றியது. அழுகையோ பயமோ வரவில்லை. வழக்கம்போல டேப் ஒட்டினேன், இயந்திரத்தை ஓடவிட்டேன், ரத்த அழுத்தத்தைக் குறித்தேன். அடுத்த படுக்கைக்குப் போனபோது அந்த எண்ணமும் கூடவே வந்தது.

அதற்கப்புறம் அது போகவில்லை. தினமும் ஒரே மாதிரி இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சில காலைகளில் வேதத்தைத் திறந்தால் ஒவ்வொரு வரியும் எனக்கே எழுதியதுபோல இருக்கும். மறுநாள் அதே பக்கம் பழைய கடிதம்போல, வேறு யாருக்கோ வந்ததுபோல இருக்கும். ஆராதனையில் எல்லோரும் கண்மூடிப் பாடும்போது நான் மட்டும் கண்ணைத் திறந்து, இவர்களுக்கெல்லாம் எப்படி இவ்வளவு நிச்சயம் என்று பார்த்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. பின்னாளில்தான் தெரிந்தது, அவர்களில் சிலரும் கண்ணைத் திறந்திருந்தார்கள் என்று.

பகல் நேரத்தில் வருகிற சந்தேகம் தனி வகை. அதில் பெரிய கேள்வியே இருக்காது. வேதம் படிப்பதில், ஜெபிப்பதில், நோயாளியிடம் அன்பாகப் பேசுவதில் என்ன இருக்கிறது என்கிற வறட்சி மட்டும் இருக்கும். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் துறவியாக வாழ்ந்த எவாக்ரியுஸ் என்பவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். காலை 10 மணியளவில் தொடங்கி மதியம் 2 மணிவரை துறவியைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சோர்வு அது. சூரியன் நகராமல் நிற்பதுபோலத் தோன்றும், அறையின் சன்னலையே பார்க்கத் தோன்றும், இந்த இடமும் இந்த வாழ்க்கையும் வெறுத்துப்போகும் என்கிறார். வேதத்தில் இருக்கிற ஜெபப் பாடல்களான சங்கீதங்களில், 91-ஆம் சங்கீதத்தில் வரும் "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" இதுதான் என்று அந்தத் துறவிகள் நினைத்தார்கள். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. உலகத்தை விட்டுவிட்டுக் கடவுளை மட்டுமே தேடிப்போன மனிதர்களுக்கே 1,600 ஆண்டுகளுக்கு முன்பு மதியம் 12 மணிக்கு இப்படித்தான் இருந்திருக்கிறது.

ஆனால் எனக்கு மிகவும் வலிப்பது, தேவன் தங்களுக்குச் செய்ததை ஆராதனையில் எழுந்து சொல்கிற சாட்சி நேரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யாருடைய அடையாளமும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் பிரிவுக்கு 2 பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் இளைஞர், இன்னொருவர் நடுத்தர வயதுக்காரர். இருவரும் விசுவாசிகள், இருவரும் எங்கள் சபை. இருவருக்காகவும் சபையாகக் கூடி ஜெபித்தோம், உபவாசம் இருந்தோம். அந்த இளைஞருக்கு அவருடைய அம்மாவின் சிறுநீரகம் பொருந்தியது. அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது, அவர் எழுந்து நடந்தார். மற்றவருக்கு இதயமும் பலவீனமாக இருந்தது, மாற்றுச் சிகிச்சை முடியாது என்றார்கள். ஒரு வார இறுதியில் அவர் இறந்துபோனார்.

சில மாதங்கள் கழித்து அந்த இளைஞர் ஆராதனையில் சாட்சி சொன்னார். "கர்த்தர் ஜெபத்தைக் கேட்கிறவர், நம்பினவர்களை அவர் கைவிடவே மாட்டார்" என்றார். சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. அவர் சொன்னதில் தவறில்லை. உயிரோடு திரும்பி வந்தவன் நன்றி சொல்லாமல் என்ன செய்வான்? ஆனால் எனக்கு முன்னால் 2 வரிசை தள்ளி இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அவருடைய முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், நீங்க ரெண்டு பேரையும் பாத்தீங்க. நாங்க பண்ண ஜெபம் மட்டும் எங்க போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. "தேவனுடைய சித்தம்" என்று வாயெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அழவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. பிள்ளைகள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கும்வரை அப்படியே இருந்தோம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருடைய கேள்வி என்னுடைய கேள்வியாகிவிட்டது.

இப்படிப்பட்ட நேரங்களில் சபையில் உடனே கையில் எடுக்கப்படும் வசனம், வேதத்தில் உள்ள யாக்கோபின் கடிதத்தில் 1:6. "சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்." என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வசனத்தைக் கேட்ட ஒவ்வொரு முறையும், சந்தேகம் ஏற்கெனவே இருக்க, அதோடு சந்தேகப்படுவதால் ஒன்றும் கிடைக்காது என்கிற பயமும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து அதற்கு முந்தைய வசனத்திலிருந்து படித்தேன். அங்கே தேவனைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது? அவர் "யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர், ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்". கேட்க வருகிறவனை அதட்டாத ஒருவரிடம் கேள் என்றுதான் யாக்கோபு தொடங்குகிறார். 8-ஆம் வசனத்தில் அவர் கண்டிப்பது இருமனமுள்ளவனை. தேவனிடம் கேட்டுக்கொண்டே, அவர் இல்லாவிட்டாலும் சமாளிக்க இன்னொரு வழியை ரகசியமாகத் தயாராக வைத்திருப்பவன் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். இரவில் தூங்காமல், "நீர் இருக்கிறீரா?" என்று அழுகிறவன் அந்த ஆள் இல்லை. அவனுக்கு வேறு போக்கிடமே இல்லையே.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது யோவான்ஸ்நானனின் கதை. சிறு வயதிலிருந்து கேட்டதுதான். ஆனாலும் இந்தக் கேள்விகளோடு படித்தபோது அது வேறு மாதிரி தெரிந்தது.

யோர்தானில் இயேசுவைச் சுட்டிக்காட்டி, "இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி" என்று சொன்னவர் யோவான். ஆவியானவர் வானத்திலிருந்து அவர்மேல் இறங்கியதைப் பற்றிச் சாட்சி சொன்னவர். அப்புறம் ஏரோதின் தவறைக் கண்டித்ததால் சிறைக்குப் போனார். அங்கிருந்து தன் சீஷரில் 2 பேரை அனுப்பி ஒரு கேள்வி கேட்கிறார்: "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" யோவான் தனக்காகக் கேட்கவில்லை, சீஷர்களின் நன்மைக்காகத்தான் கேட்டார் என்று சில பிரசங்கங்களில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "யோவானிடத்தில் போய் அறிவியுங்கள்" என்றுதானே இயேசு பதில் அனுப்புகிறார். கேட்டவருக்குத்தான் பதில் போகிறது.

அந்தப் பதிலைக் கவனித்துப் பாருங்கள். குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், மரித்தோர் எழுந்திருக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது. ஏசாயா தீர்க்கதரிசியின் வார்த்தைகள் அதில் ஒலிக்கின்றன. யோவான் ஏசாயாவை அறிந்தவர், "வனாந்தரத்தில் கூப்பிடுகிறவனுடைய சத்தம்" என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். ஏசாயா 61-இல் தரித்திரருக்குச் சுவிசேஷம் சொல்லப்படுகிற அதே வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை. நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் இயேசு அதை வாசித்துமிருக்கிறார். சிறையில் இருக்கிற மனிதனுக்கு அனுப்பிய பதிலில் அந்த ஒன்று மட்டும் இல்லை. அதன் இடத்தில், "என்னிடத்தில் இடறலடையாதிருக்கிறவன் எவனோ அவன் பாக்கியவான்" என்று இருக்கிறது.

இதை முதன்முதலில் கவனித்த அன்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யோவானும் அதைக் கவனித்திருப்பார். மற்றவர்களுக்கெல்லாம் நடக்கிறது, உனக்கு நடக்கப்போவதில்லை, அதனால் என்மேல் இடறிவிடாதே என்று நேரடியாகச் சொல்கிற பதில் இது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த அக்காவின் கேள்விக்கு மிகப் பக்கத்தில் வேதத்தில் நான் கண்ட இடம் இதுதான். அவருடைய கேள்விக்கு இது விடை ஆகாது. ஆனால் இயேசுவுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. ஒருவனுக்குக் கிடைத்து இன்னொருவனுக்குக் கிடைக்காமல் போவதை அவர் மூடி மறைக்கவில்லை, யோவானின் விசுவாசக் குறைவுதான் காரணம் என்றும் சொல்லவில்லை.

யோவான் அனுப்பியவர்கள் போனபின்பு இயேசு ஜனங்களைப் பார்த்துச் சொன்னது எனக்கு இன்னும் பிடிக்கும். ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் இல்லை என்கிறார். எப்போது சொல்கிறார்? யோர்தானில் யோவான் தைரியமாக நின்றபோது சொன்னதாக எழுதவில்லை. அவர் சந்தேகத்தை அனுப்பிய அதே நாளில், அந்தக் கேள்வியைக் காதால் கேட்ட அதே கூட்டத்தின் முன்னால் சொல்கிறார். அந்தப் பாராட்டு யோவானின் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சுவிசேஷத்தில் இல்லை. சிறையிலேயே அவருடைய தலை வெட்டப்பட்டது. நம்மைப் பற்றி ஆண்டவர் என்ன சொல்கிறார் என்பது நமக்குக் கேட்காமலே போகலாம் என்று நினைக்கும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

இதிலிருந்துதான் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். யோவான் தன் சந்தேகத்தை இயேசுவிடமே அனுப்பினார். சிறையில் சீஷர்களோடு உட்கார்ந்து, "அவர் மேசியாதானா என்று தெரியவில்லை" என்று பேசிக்கொண்டே இருந்திருக்கலாம். அப்படிப் பேசுவதும் பாவமில்லை, நண்பர்களோடு பேசத்தான் வேண்டும். ஆனால் எனக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. நாள் முழுவதும் நான் தேவனைப் பற்றிச் சந்தேகப்பட்டேன். அவர் கேட்கிறாரா, அவர் இருக்கிறாரா என்று மனதுக்குள் எனக்கு நானே பேசினேன். ஜெப நேரம் வந்ததும் அதையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு, சின்ன வயதில் கற்றுக்கொண்ட நல்ல வார்த்தைகளை மட்டும் உள்ளே கொண்டுபோனேன். ஜெபம் வறண்டுபோனதில் என்ன ஆச்சரியம்? என் உள்ளத்தில் உண்மையாக ஓடிக்கொண்டிருந்த ஒரே விஷயத்தைப் பற்றி அவரிடம் நான் பேசவே இல்லை.

வேதத்தில் தேடிப் பார்த்தால் சந்தேகப்பட்டவர்கள் பலர் அதைத் தேவனுடைய முகத்துக்கு நேராகத்தான் சொல்லியிருக்கிறார்கள். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்கிறது 13-ஆம் சங்கீதம். வற்றிப்போகிற தண்ணீரைப்போல நீர் எனக்கு இருப்பீரோ என்று எரேமியா கேட்கிறார். 88-ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பிவிடும். இது திரும்பாது. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்கி, சிநேகிதனும் தோழனும் தூரமாகிப்போன இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. பதில் வரவில்லை. இருந்தும் அதை யாரும் எடுத்துப்போடவில்லை. இஸ்ரவேலர் தங்கள் பாட்டுப் புத்தகத்தில் அதை வைத்துப் பாடினார்கள், சபையும் 2,000 ஆண்டுகளாக வைத்திருக்கிறது. இரவுப் பணியில் பிரிவு அமைதியாக இருக்கும்போது இதைத்தான் நான் அதிகம் வாசிக்கிறேன். என் சொந்த வார்த்தை நின்றுபோகிற இரவில், எனக்கு முன்னால் யாரோ சொல்லிவைத்த வார்த்தை அங்கே இருக்கிறது.

இப்போது என் ஜெபம் அழகாக இல்லை. "ஆண்டவரே, நீர் கேட்கிறீரா என்று இன்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிறீர் என்றால் இதைக் கேளும்" என்று தொடங்குகிற நாட்கள் இருக்கின்றன. சுவிசேஷத்தில் தன் மகனுக்காக இயேசுவிடம் வந்த அந்தத் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சத்தமிட்டார் அல்லவா, அவருடைய மகனை இயேசு குணமாக்கினார். முதலில் அவிசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை. பேதுரு தண்ணீரில் மூழ்கியபோதும் அப்படித்தான். கையை நீட்டிப் பிடித்த பிறகுதான் ஏன் சந்தேகப்பட்டாய் என்கிற கேள்வி வருகிறது.

எங்கள் பிரிவுக்கு வருகிற ஒரு பெரியவரிடம் ஒருநாள் கேட்டேன். பல ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துகொள்கிறார், படுத்திருக்கும் நேரமெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

"ஐயா, இவ்வளவு ஜெபிக்கிறீங்களே, உங்களுக்குச் சலிப்பே வராதா?"

"வராம என்னம்மா? சலிச்சுப்போச்சு சாமின்னு அதையும் அவர்கிட்டதான் சொல்றேன். உன்கிட்ட சொன்னா நீ டாக்டரைக் கூப்பிடுவ."

சரி, டாக்டரைக் கூப்பிட வேண்டிய சந்தேகமும் உண்டு என்பதைச் செவிலியராக நான் சொல்லாமல் இருக்கக் கூடாது. தொடர்ந்து தூக்கமில்லாதபோது, மனச்சோர்வு நோயாகவே பிடித்துக்கொள்ளும்போது, முதலில் மங்குவது பலருக்கு ஜெபம்தான். அதை ஆவிக்குரிய தோல்வி என்று நினைத்து உபவாசத்தைக் கூட்டினால் உடம்பு இன்னும் தளரும். சூரைச்செடியின் கீழ், "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவன் பிரசங்கம் அனுப்பவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் அனுப்பினார். எலியா சாப்பிட்டார், குடித்தார், திரும்பப் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாவது முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவனோடு நடந்த உரையாடலெல்லாம் அதற்குப் பிறகுதான். சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருக்கிற ஒருவர் தன் விசுவாசம் போய்விட்டது என்று சொன்னால், நான் முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்வேன், கூடப் போகவும் செய்வேன்.

படித்துத் தீர்க்க வேண்டிய சந்தேகங்களும் இருக்கின்றன. இயேசு உண்மையில் உயிர்த்தெழுந்தாரா என்பது உணர்வை மட்டும் வைத்து முடிவுசெய்கிற விஷயம் இல்லை. அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதமான 1 கொரிந்தியரை ஏறத்தாழ கி.பி. 55-இல் எழுதினார். சிலுவைக்குப் பின் 25 ஆண்டுகள்கூட ஆகியிருக்குமோ என்னவோ. உயிர்த்தெழுந்தவரைப் பார்த்தவர்களின் வரிசையைச் சொல்லி, ஒரே வேளையில் பார்த்த 500-க்கும் அதிகமானவர்களில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்பதுபோல இருக்கிறது. அதே அதிகாரத்தில், கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் உங்கள் விசுவாசமும் விருதா என்று துணிந்து எழுதுகிறார். என் மனநிலை எப்படி இருந்தாலும், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்று நடந்தது அல்லது நடக்கவில்லை. நடந்தது என்று நான் நம்புகிறேன். ஜெபம் மேலே போகாத நாளில் நான் திரும்பிப்போய் நிற்கிற இடம் அதுதான்.

சந்தேகத்தோடு வாழ்ந்த விசுவாசிகளைப் பற்றிப் படிப்பதும் எனக்கு உதவியிருக்கிறது. கல்கத்தாவின் அன்னை தெரேசா 1997-இல் இறந்தார். 10 ஆண்டுகள் கழித்து அவருடைய கடிதங்கள் வெளியானபோதுதான், பல பத்தாண்டுகளாகத் தேவன் தன்னோடு இருப்பதையே உணராத இருளில் அவர் இருந்தார் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. லிசியே நகரத்துத் தெரேசா என்கிற பிரெஞ்சு கன்னியாஸ்திரீ 24 வயதில் காசநோயால் இறந்தவர். கடைசி ஒன்றரை ஆண்டு, பரலோகம் என்று ஒன்று இருக்கிறதா என்கிற சோதனையோடு போராடினார். நான் கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவள் இல்லை, ஆனாலும் இவர்கள் இருவரையும் என் அக்காக்களாகவே நினைக்கிறேன்.

இவர்களைவிடவும் என் மனதில் நிற்பவர் வில்லியம் கூப்பர். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர், இன்றும் பாடப்படுகிற பாமாலைகளை எழுதியவர். 1773-இல் அவருக்கு மனநோய் கடுமையாக வந்தது. தேவன் தன்னை என்றென்றைக்குமாகத் தள்ளிவிட்டார் என்கிற எண்ணம் 1800-இல் சாகும்வரை அவரைவிட்டு முழுவதுமாக நீங்கவில்லை. அப்போது அவருடைய போதகராக இருந்தவர், முன்பு அடிமைக் கப்பலின் தலைவராக இருந்த ஜான் நியூட்டன். கூப்பரைத் தன் வீட்டிலேயே ஓர் ஆண்டுக்கும் மேலாக வைத்துக் கவனித்துக்கொண்டார். 1779-இல் இருவருடைய பாடல்களும் சேர்ந்து ஒரே தொகுப்பாக வெளிவந்தன. யோசித்துப் பாருங்கள், தனக்கு இரட்சிப்பே இல்லை என்று நம்பிய ஒருவர் எழுதிய பாடல்களை எத்தனை பேர் நம்பிக்கையோடு பாடியிருக்கிறார்கள். சபையில் நமக்கு நியூட்டன்கள் வேண்டும். வசனத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல் வீட்டுக் கதவைத் திறந்துவைக்கிற ஆட்கள்.

இயேசு உயிர்த்தெழுந்ததை நம்பாத சீஷர் தோமாவின் விஷயத்திலும் இதைத்தான் பார்க்கிறேன். "நான் காணாவிட்டால் விசுவாசிக்கமாட்டேன்" என்று சொன்ன பிறகு எட்டு நாள் போகிறது. அந்த எட்டு நாளும் மற்றவர்கள் பார்த்தோம் பார்த்தோம் என்று பேசியிருப்பார்கள். இயேசு திரும்ப வந்தபோது தோமா எங்கே இருந்தார்? அதே வீட்டுக்குள், அவர்களோடு. அவரும் கிளம்பிப் போகவில்லை, அவர்களும் அவரை வெளியே அனுப்பவில்லை.

போன மாதம் என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை எல்லோரும் போனபின்பு தயங்கி நின்றாள்.

"ஆன்ட்டி, ஜெபம் பண்றப்போ எனக்கு நானே பேசிக்கிற மாதிரி இருக்கு. இது பாவமா?"

"இல்லம்மா. எனக்கும் பல நாள் அப்படி இருக்கு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அதிர்ச்சி கொஞ்சம், நிம்மதி நிறைய. "அப்போ நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். அப்படி இருக்கிறது என்று அவரிடமே சொல்லிவிடுவேன், அப்புறம் சங்கீதம் வாசிப்பேன் என்றேன். என்னைவிட அவளுக்குச் சீக்கிரம் புரிந்தது என்று நினைக்கிறேன். மறுவாரம் 13-ஆம் சங்கீதத்தைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் போதகரிடம் பேசினேன். சாட்சி நேரத்தில் இன்னும் பதில் கிடைக்காதவர்களும் எழுந்து பேச இடம் வேண்டும் என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, மாதத்தில் ஒரு ஞாயிறு புலம்பல் சங்கீதம் ஒன்றை வாசித்து, அப்படிப்பட்டவர்களுக்காக ஜெபிக்கலாம் என்றார். முதல் வாரம் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த முறை அந்த அக்கா எழுந்தார். தன் கணவருக்காக ஜெபித்ததையும் அவர் இறந்துபோனதையும் சொன்னார். "இன்னும் எனக்குக் கோபம் இருக்கு, ஆனா வந்துட்டுதான் இருக்கேன்" என்றார். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. அந்த இளைஞர் தன் இடத்திலிருந்து எழுந்து போய் அவருடைய பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவருடைய கேள்விக்கு இப்போதும் என்னிடம் பதில் இல்லை. வகுப்பில் அடுத்த வாரம் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தைத் தொடங்குகிறோம், 3 அதிகாரம்தான். "கர்த்தாவே, நான் எந்தமட்டும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன்" என்பதுதான் அவருடைய முதல் பேச்சே. ஒவ்வொருவரும் தேவனிடம் கேட்க நினைக்கிற ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். பெயர் எழுத வேண்டியதில்லை. நானும் ஒன்று எழுதிக்கொண்டு போகிறேன்.